காதால் படிக்க வேண்டிய ஜாடி

வௌவால் அடைந்த வீடு என்றால் நமக்கு ஆளொழிந்த வீடு, ஒட்டடை, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். 18ஆம் நூற்றாண்டில் சீன அரண்மனைக்கென்று செதுக்கிய சிவப்பு அரக்கு ஜாடிகளைப் பார்த்தால், கழுத்திலிருந்து அடிவரைக்கும் வௌவால்தான். மேகத்தினூடே ஒன்று, பீச் பழத்தை நோக்கி இறங்கும் ஒன்று, தலைகீழாக ஒன்று. பேரரசரின் பிறந்தநாள் காணிக்கையில் இப்படிப்பட்ட அரக்கு வேலைப்பாடுகளும் சேரும். கொடுத்தவர் தலை தப்பியது மட்டுமல்ல, பாராட்டும் கிடைத்திருக்கும்.

காரணம் எளிது. சீன மொழியில் வௌவாலுக்கு 'ஃபூ' என்று பெயர், நற்பேறுக்கும் 'ஃபூ' என்றுதான் ஒலி. எழுத்து வேறு, காதுக்கு ஒன்று. நம் சிலேடை மாதிரியேதான்; இவர்கள் அதைச் சொல்லில் சொல்லாமல் உருவமாகச் செதுக்கிவிடுகிறார்கள். வௌவால் தலைகீழாக இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. 'தலைகீழ்' என்பதற்கும் 'வந்து சேர்ந்தது' என்பதற்கும் ஒலி 'தாவ்'. ஆக, நற்பேறு வந்தாயிற்று.

இதுவரை எல்லாரும் சொல்வதுதான். பலர் சொல்லாமல் விடுவது நிறத்தை. சிவப்புக்கு 'ஹொங்'. வெள்ளம்போல் பரந்தது, மாபெரியது என்பதற்கும் 'ஹொங்'. எனவே சிவப்பு வௌவால் என்றால் 'ஹொங் ஃபூ', அதாவது பெரும்பேறு. அது மேகங்களுக்கு நடுவே பறந்தால் வானளவு பெரும்பேறு. பீங்கானில் வரைபவர் வௌவாலுக்கென்று சிவப்பைத் தேடி எடுத்துத் தீட்ட வேண்டும். சிவப்பு அரக்கில் செதுக்குபவருக்கு அந்த வேலை இல்லை, அவர் செதுக்கும் வௌவால் எல்லாமே பிறவிச் சிவப்பு. பொருளே சிலேடையில் பாதியைச் சொல்லி முடித்துவிடுகிறது. செதுக்கரக்கில் மங்கலக் குறிகள் இவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இந்த ஆய்வில் எடுத்துக்கொள்வது இரண்டு பேரரசர்கள், அவர்களுக்கிடையே கைமாறிய ஒரு வடிவம், அப்புறம் ஜாடிகள்.

பூச்சி தராத அரக்கு

'லாக்கர்' என்று எழுதினால் வங்கியில் நகை வைக்கும் லாக்கர்தான் ஞாபகம் வரும். அதனால் அரக்கு என்றே எழுதுகிறேன். ஆனால் நம் அரக்கு பூச்சி தருவது. சீனர்கள் 'ச்சி' என்பது மரத்தைக் கீறி எடுக்கும் பால். வேடிக்கை என்னவென்றால், அந்த மரப்பாலுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் நம் பக்கத்துப் பூச்சி அரக்கிலிருந்து போனது. 'லாக்ஷா' என்ற சமஸ்கிருதச் சொல் 'லாக்' ஆகி, போர்த்துக்கீசியர் வாயில் 'லாகா' ஆகி, கடைசியில் வேறொரு பொருளின் தலையில் உட்கார்ந்துகொண்டது.

அந்த மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. சேராங்கொட்டைச் சாறு பட்டால் தோல் எப்படிக் கொப்பளிக்கும் என்று துணிக்குக் குறி போட்ட சலவைத் தொழிலாளிகளைக் கேட்டால் தெரியும். ச்சி மரப்பாலும் அதே ரகம்தான். அரண்மனைக்கு வாழ்த்துச் செதுக்கியவர்களின் பட்டறையில் முதல் பாடமே அரிப்பாக இருந்திருக்கும்.

இதன் இன்னொரு குணம் நம் வழக்கத்துக்கு நேர் எதிர். ஈரத் துணி காய வெயில் வேண்டும், இந்தப் பால் இறுக ஈரக் காற்று வேண்டும். பாலுக்குள்ளேயே இருக்கும் நொதி காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து அதை இறுக வைக்கிறது. அதற்குக் கதகதப்பும் ஈரப்பதமும் தேவை. ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்த பூச்சு. ஒரு மில்லிமீட்டர் கனம் வர ஏறக்குறைய 15 முதல் 20 பூச்சுகள் ஆகும். அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்க வேண்டுமென்றால் நூறுக்குப் பக்கம் வந்துவிடும். செதுக்குபவர் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே மாதக்கணக்கில் நாள் ஓடியிருக்கும். முழுக்க இறுகிவிட்டால் உடைந்துவிடும் என்பதால் துங் என்ற மரத்தின் விதை எண்ணெய் சேர்த்துக் கொஞ்சம் இளகலாகவே வைத்திருந்து செதுக்குவார்கள். கத்தி ஒரு இழை கூடுதலாகப் போனால் போனதுதான், வெட்டியதைத் திரும்ப ஒட்டுகிற வேலை இதில் கிடையாது.

சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம், சித்த மருந்துகளில் பெயர் கேட்டிருப்பீர்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிங் வம்சத்தின் தொடக்கத்தில் இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. யுங்லெ பேரரசர் (ஆட்சி 1402–1424) ஜப்பானிய ஆட்சியாளருக்கு 1403, 1406, 1407 ஆகிய மூன்று முறை அனுப்பிய செதுக்கரக்குப் பொருட்கள் மொத்தம் 203. அந்தக் காலத்து வேலையில் பெரும்பாலும் பூக்கள். பியோனி, காமெலியா, செவ்வந்தி என்று தட்டு முழுக்க விரிந்திருக்கும். வெட்டின விளிம்புகளை வழவழவென்று தேய்த்து உருட்டியிருப்பார்கள், விரலை வைத்தால் எங்கேயும் உறுத்தாது. பியோனி செல்வத்தின் பூ, ஆக வாழ்த்து அதிலும் உண்டு. ஆனால் கத்திச் சொல்லாது.

குறிகள் வெறும் அலங்காரமில்லை என்பதற்கு லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு மேசை சாட்சி. யுங்லெயின் பேரர் ஷுவான்டெ பேரரசர் காலத்து (1426–1435) அரண்மனை வேலை, மேலெல்லாம் டிராகனும் ஃபீனிக்ஸ் பறவையும். டிராகனின் பாதத்தைக் கிட்டத்தில் பார்த்தால் ஐந்து நகங்களில் ஒன்று இல்லை. யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஐந்து நகம் பேரரசருக்கு உரியது, நாலு நகம் என்றால் அடுத்த படியில் உள்ளவர்கள் வைத்துக்கொள்ளலாம். அரண்மனைக்கு வெளியே போன மேசை ஒரு நகத்தை விலையாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

சாதிலிங்கம் தின்றவர்

செதுக்கரக்கில் வாழ்த்து உரத்த குரலில் கேட்கத் தொடங்குவது ஜியாஜிங் பேரரசர் காலத்தில். பிறந்தது 1507இல், அரியணை ஏறியது 1521இல், பதின்மூன்று வயதில். தாவோயிச மதத்தில் ஊறியவர். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நீண்ட ஆயுள். முடிந்தால் சாகாவரம்.

1542இல் அரண்மனைப் பணிப்பெண்கள் சிலர் சேர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த அவரைக் கயிற்றால் கழுத்தை நெரித்துக் கொல்லப் பார்த்தார்கள். முடிச்சு சரியாக விழாததால் இறுகவில்லை, மனிதர் பிழைத்துக்கொண்டார். பணிப்பெண்கள் பதினாறு பேரோடு அரசரின் துணைவியர் இருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் முதன்மை அரண்மனையை விட்டு மேற்குப் பூங்காப் பக்கம் குடிபோய், சடங்குகளும் ஆயுள் மருந்துகளுமாகக் காலத்தைக் கழித்தார். அவருக்குச் செய்த அரக்குப் பொருட்களில் மரணபயம் ஒரு பட்டியலாகவே வரிசைகட்டி நிற்கிறது. நாரை, மான், பைன் மரம், பீச், மூன்று மூன்று கோடுகளாக அடுக்கிய எட்டுக் குறிகள், தாவோயிசக் கதைகளில் வரும் எட்டு சாகாவரத்தார்.

அதில் ஒரு வடிவம் தனியாகப் பேச வேண்டியது. வட்டமான மூடிபோட்ட பெட்டி. மூடியின் நடுவே 'ச்சுன்', அதாவது வசந்தம் என்ற எழுத்து, பெரிதாக. அந்த எழுத்துக்குள்ளேயே ஒரு சின்ன வட்டம், அதில் புடைத்த நெற்றியோடு ஆயுள் தேவன் ஷோலாவ் உட்கார்ந்திருக்கிறார். எழுத்துக்குக் கீழே காசும் பவழமும் நிரம்பி வழியும் கிண்ணம், அதிலிருந்து ஒளிக்கதிர்கள் மேலே கிளம்புகின்றன. இரு புறமும் டிராகன்கள். வசந்தம், ஆயுள், செல்வம், அரசு ஆகிய நாலையும் ஒரே மூடியில் திணித்திருக்கிறார்கள்.

இது ஒரே சிவப்பில் செய்ததில்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அரக்கை அடுக்கடுக்காகப் பூசி, எந்த நிறம் வேண்டுமோ அந்த அடுக்கு வரை வெட்டி நிறுத்திக்கொள்ளும் முறை. தூரிகைக்காரர் நினைத்த இடத்தில் நினைத்த நிறத்தை வைப்பார். இங்கே நிறம் என்பது ஆழம். பச்சை இலை வேண்டுமென்றால் பச்சை இருக்கும் மட்டத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும், அதைத் தாண்டினால் மஞ்சள். ஜியாஜிங் காலத்து வெட்டில் விளிம்புகள் கூர்மையாகவே நிற்கும், முன்னோர் செய்ததுபோல் தேய்த்து உருட்டும் பொறுமை குறைவு. தரம் இறங்கிவிட்டது என்று சேகரிப்பாளர்கள் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்த அவசரமே பிடித்திருக்கிறது. கேட்பவர் அவ்வளவு அவசரத்தில் இருந்திருக்கிறார்.

அவர் விழுங்கிய ஆயுள் மருந்துகளில் சாதிலிங்கத்திலிருந்து எடுத்த பாதரசம் உண்டு. 1567 ஜனவரியில், 59 வயதில் இறந்தார். அந்த மருந்துகளே உயிரைக் குடித்தன என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. பெட்டியில் ஆயுள் தேவனைச் சூழ்ந்திருக்கும் சிவப்பும், அவர் நம்பி விழுங்கிய மருந்தும் ஒரே கனிமத்திலிருந்து வந்தவை. மூடியில் பூசியது இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜாடி என்றாலே அமைதி

இருநூறு ஆண்டு கழித்து, சிங் வம்சத்துச் சியென்லுங் பேரரசர் (ஆட்சி 1735–1796) இதே வசந்தப் பெட்டியைத் திரும்பச் செய்ய வைத்தார். எழுத்து, கிண்ணம், கதிர், ஆயுள் தேவன், டிராகன் எல்லாம் அப்படியே. எதையும் சேகரிப்பவர், எதையும் நகலெடுக்கச் சொல்பவர், அதனால் நகலில் ஆச்சரியமில்லை. பாதரசம் குடித்துச் செத்தவரின் வேண்டுதல் பட்டியலை எடுத்துக்கொள்கிறோமே என்ற உறுத்தல் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. குறி யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்பது பிரச்சினையே இல்லைபோலும்.

முதலில் அரண்மனைப் பட்டறையில் மூங்கிலும் தந்தமும் செதுக்கிப் பழகியவர்களின் கையை அரக்குக்குத் திருப்பினார்கள், பிறகு வேலை சூச்சோ நகரத்துக்குப் போனது. மூங்கிலில் பழகிய கை என்பதால் கத்தி ஊசிபோல் நுணுக்கமாக ஓடும். விரல்நுனி அளவு இடத்தில் ஐம்பது கோடு.

ஜாடிக்கு வருவோம். சீன மொழியில் ஜாடி 'பிங்'. அமைதி, சமம் என்பதற்கும் 'பிங்'. அப்படியென்றால் மேலே ஒரு கோடு செதுக்குவதற்கு முன்பே, வெறும் வடிவமே ஒரு வாழ்த்து. பெட்டிக்கும் தட்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. மற்ற குறிகள் எல்லாம் இந்த 'பிங்'கின் தோளில்தான் ஏறிக்கொள்கின்றன. ஜாடியில் நாலு பருவத்துப் பூவையும் வைத்தால் நாலு பருவமும் அமைதி. யானை முதுகில் ஜாடி ஏற்றினால் நாட்டில் பேரமைதி நிலவுவதற்கு அடையாளம் தெரிகிறது என்று அர்த்தம், ஏனென்றால் யானைக்கும் அடையாளத்துக்கும் ஒலி 'ஷியாங்'. ஜாடிக்குள் 'ஜி' என்ற ஈட்டி மாதிரியான ஆயுதம் மூன்றைச் செருகியிருந்தால் அது உத்தியோகத்துக்கான வாழ்த்து. பதவிப் படிநிலைக்கும் 'ஜி' என்பதால், அலுங்காமல் மூன்று படி ஏறுவாய் என்று பொருள். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் அதிகாரிக்கு இதைவிட நாசூக்கான பரிசு கிடையாது. அந்த ஈட்டியில் 'ச்சிங்' என்ற கல்மணி தொங்கினால் கொண்டாட்டமும் சேர்ந்துவிடும்.

காதுக்கு முன்னால் கண்ணுக்கே புரியும் குறிகளும் உண்டு. மாதுளையைப் பிளந்து காட்டியிருந்தால் விதைபோல் நிறையப் பிள்ளைகள். இங்கே செதுக்குபவரின் கை தெரியும். பழத்தின் தோலை வழவழப்பாக விட்டுவிட்டு, பிளவுக்குள் மட்டும் ஒவ்வொரு முத்தையும் தனித்தனியாகச் சுற்றி வெட்டியிருப்பார். பக்கத்திலேயே பீச்சும் விரல்விரலாகப் பிரியும் புத்தர் கை நாரத்தையும் இருந்தால், ஆயுள், பிள்ளை, பேறு மூன்றும் நிறைய என்று படிக்க வேண்டும்.

பின்னணியைப் பலர் வெறும் நிரப்பல் என்று விட்டுவிடுவார்கள். இயற்கைக் காட்சி செதுக்கிய ஜாடியில் வானம், நீர், நிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பின்னல் உண்டு. கிடைக்கோடாகக் குட்டிக் குட்டியாக அடுக்கியிருந்தால் வானம், அலையலையாக வளைந்தால் நீர், சதுரமும் பூவுமாகக் கட்டம் கட்டியிருந்தால் தரை. படகு எதன்மேல் போகிறது என்று படகைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, கீழே இருக்கும் கோட்டைப் பார்த்தால் போதும்.

சில ஜாடிகளில் பின்னல் முழுக்க ஸ்வஸ்திகம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு முடிவில்லாமல் ஓடும். இந்தக் குறி பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போனது. இதை 'வான்', அதாவது பத்தாயிரம் என்று வாசிக்க வேண்டும் என்று வூ பேரரசி 693இல் ஆணையிட்டதாகச் சொல்வார்கள். அதன்மேல் ஆயுளைக் குறிக்கும் 'ஷோ' எழுத்து வந்தால் பத்தாயிரம் ஆண்டு வாழ்க. கண்ணுக்குக் கோலம், காதுக்குக் கோஷம்.

நம் பக்கம் இன்னொரு தொடர்பும் உண்டு. சீனாவில் செய்த பெரிய அரக்குத் தட்டிகளுக்கு ஐரோப்பாவில் இன்றும் 'கோரமண்டல்' என்றுதான் பெயர். சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பல் ஏறிப் போனதால் வந்த பெயர், கரைக்கும் தட்டிக்கும் வேறு உறவு இல்லை. அவையும் நம் ஜாடிகளிலிருந்து வேறு. அங்கே அரக்குப் பரப்பைக் குடைந்து குழியில் வண்ணம் நிரப்புவார்கள். பழம்பொருள் விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

சியென்லுங் கால ஜாடிகளை வியக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. இடம் விடுவதே இல்லை. வௌவால், மேகம், பீச், ஷோ, கல்மணி, ஸ்வஸ்திகம் என்று மூச்சுவிட இடைவெளி இல்லாமல் நெருக்கியிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் தெரிந்த சாமி படத்தையெல்லாம் போட்டுவிடுவது மாதிரி. யுங்லெ காலத்துத் தட்டில் ஒரு பியோனி அமைதியாகச் சொன்னதை இந்த ஜாடி நாற்பது குரலில் சொல்கிறது.

சரி, அவருக்குப் பலித்ததா? ஐந்து வௌவால்களைச் சேர்த்துச் செதுக்கினால் 'வூ ஃபூ', ஐம்பேறு. பழைய ஷூஜிங் நூல் சொல்லும் பட்டியல் அது. ஆயுள், செல்வம், உடல் நலமும் மன நிம்மதியும், அறத்தில் விருப்பம், வயது முதிர்ந்து இயல்பாக வரும் சாவு. 1784இல் சியென்லுங் எள்ளுப்பேரனைப் பார்த்துவிட்டார், ஐந்து தலைமுறை ஒரே கூரையின் கீழ். அந்தப் பெருமையில் ஐம்பேறும் ஐந்து தலைமுறையும் சேர்ந்த பெயரில் மண்டபமும் முத்திரையும் வைத்துக்கொண்டார். 1799இல் 87 வயதில் இயல்பாகவே இறந்தார். ஜியாஜிங் கேட்டதை எல்லாம் வாங்கிக்கொண்டவர் இவர்தான்.

அவருக்குப் பின் வந்த மகன் சிக்கனக்காரர். அரண்மனையிலிருந்து பெரிய அரக்கு வேலைகளுக்கு ஆணை வருவது குறைந்தது, கைகளும் மெல்லக் கலைந்தன. 20ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் தொழில் மீண்டபோது ஜாடியின் உள்ளுடம்பு பெரும்பாலும் மரத்திலிருந்து செம்புக்கு மாறியது. உள்ளேயும் அடியிலும் பளிச்சென்று நீல எனாமல். அந்த நீலத்தைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும், யார் மிங் காலம் என்று சத்தியம் செய்தாலும்.

என் ஜாடி

சத்தியம் செய்த ஒருவரிடம்தான் நானும் ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு சாண் உயரச் சிவப்பு ஜாடி. நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்றார் கடைக்காரர். தோளில் ஐந்து வௌவால், வயிற்றில் பீச் மரம், கழுத்தில் ஷோ எழுத்து. ஐம்பேறும் ஆயுளும் என்று அங்கேயே வாசித்துவிட்டேன். வாசிக்கத் தெரிந்த கர்வத்தில் பையைத் திறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உண்மையான செதுக்கரக்கில் வெட்டின பக்கச் சுவரைப் பார்த்தால் பூச்சின் அடுக்குகள் மெல்லிய வரிகளாகத் தெரியும். இலையின் ஓரத்தில் கத்தி உள்நோக்கிச் சரிந்து, இலைக்கு அடியில் நிழல் விழும். என் ஜாடியில் வரி இல்லை, நிழலும் இல்லை. எல்லா ஓரமும் வெளிநோக்கியே சரிந்திருந்தது. அச்சிலிருந்து சிக்காமல் கழன்று வர வேண்டுமே! பள்ளங்களில் ஊசிமுனைக் குமிழிகள். வார்த்த பிசின். ஜாடியைத் திருப்பினால் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு தழும்பு, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். அது ஐந்தாவது வௌவாலின் இடது இறக்கையை நேர் பாதியாகப் பிளந்துகொண்டு போகிறது.

திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. புத்தக அலமாரியில் பேனா போட்டு வைத்திருக்கிறேன். நூறு பூச்சு இல்லை, சாதிலிங்கம் இல்லை, யாருக்கும் கை அரித்திருக்காது. ஆனாலும் வௌவால் சிவப்புதான், அதனால் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெரியம்மா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்டுக்குள்ள வௌவாலை வச்சிருக்க?" என்றார்.